ரெக்கார்டுக்காக வரையும் ஃப்ளோசார்ட்டால் என்ன பயன்? (மின் கட்டண நிரலும் தவறாக வருகிறது)

மல்லிகை_04

வணக்கம். பி.எஸ்சி. கணினி அறிவியல், முதலாண்டு. எங்கள் லேப் ரெக்கார்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் நோக்கம், அல்காரிதம் (படிப்படியான வழிமுறை), ஃப்ளோசார்ட் (அந்தப் படிகளைப் பெட்டியும் அம்புமாகக் காட்டும் படம்), நிரல், வெளியீடு என்ற வரிசையில் எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால் வகுப்பில் யாரும் அந்த வரிசையில் எழுதுவதில்லை. முதலில் நிரல். அது ஓடிய பிறகு அதைப் பார்த்து அல்காரிதம். இடப்பக்கக் கோடில்லாத தாளில் ஃப்ளோசார்ட் வருவது சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு, அதுவும் பாதிப் பேர் பக்கத்து ரெக்கார்டைப் பார்த்து. அப்படியிருக்க இதை எதற்கு வரைகிறோம் என்பது முதல் கேள்வி.

இரண்டாவது, இந்த வாரப் பயிற்சியே சரியாக வரவில்லை. வீட்டு மின் கட்டணம், 2022க்கு முன் தமிழ்நாட்டில் இருந்த விகிதம். இரண்டு மாதத்துக்கு இப்படி:

மொத்தம் 100 யூனிட் வரை: கட்டணம் இல்லை.
மொத்தம் 200 வரை: முதல் 100 இலவசம், மீதி 1.50 ரூபாய். நிலைக்கட்டணம் 20.
மொத்தம் 500 வரை: முதல் 100 இலவசம், 101–200க்கு 2 ரூபாய், அதற்கு மேல் 3 ரூபாய். நிலைக்கட்டணம் 30.
500க்கு மேல் போனால்: முதல் 100 இலவசம், 101–200க்கு 3.50, 201–500க்கு 4.60, அதற்கு மேல் 6.60. நிலைக்கட்டணம் 50.

சி மொழியில் எழுதினேன். 500 யூனிட் கொடுத்தால் 1130 வருகிறது, சரி. 501 கொடுத்தால் எனக்கு 1156.60. சார் கொடுத்த விடைத்தாளில் 1786.60. ஒரே ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய் கூடுமா? அச்சுப்பிழையா? 101–200க்கு மூன்று விகிதம் இருப்பதால் நடுவில் இருக்கும் 2 ரூபாயை எடுத்துக்கொண்டேன். ஃப்ளோசார்ட் அழகாக வரைந்திருக்கிறேன், வேண்டுமானால் படம் போடுகிறேன்.

நள்ளிரவு_டிப்ளாய்

படம் வேண்டாம். பதினோரு வருடமாக நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். கல்லூரியை விட்டு வந்த பிறகு ஒரு சாய்சதுரம்கூட (ஃப்ளோசார்ட்டில் ஆம்/இல்லை கேள்விக்கான பெட்டி) வரைந்ததில்லை. மதிப்பெண்ணுக்கு வரைந்துவிட்டு மறந்துவிடுங்கள். நேரம் இருந்தால் அதைச் சோதனைகள் எழுதுவதில் செலவிடுங்கள்.

விடைத்தாள் சரிதான். 500ஐத் தாண்டினால் அப்படித்தான் எகிறும். எங்கள் வீட்டில் மே மாத ரீடிங் எடுக்க வரும்வரை அம்மா ஏசியை அணைத்து வைத்தது அதனால்தான்.

வடலி

யாழ்ப்பாணத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். தங்கச்சி, உங்கள் பிழை சி மொழியில் இல்லை, கேள்வியை வாசித்த விதத்தில் இருக்கிறது. நீங்கள் இதை ஒரு படிக்கட்டு என்று நினைத்துவிட்டீர்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு விகிதம், ஏற ஏறக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று. கேள்வியில் இருப்பது நாலு தனித்தனிப் படிக்கட்டு. எதில் ஏறுவது என்பதை மொத்த யூனிட்தான் முடிவு செய்கிறது. 501வது யூனிட் வந்தவுடன் நீங்கள் அடுத்த படியில் கால் வைக்கவில்லை. கீழே இறங்கி, வேறு படிக்கட்டில் முதலிலிருந்து ஏறுகிறீர்கள்.

இன்னொன்று. 200 யூனிட்டைப் போட்டுப் பாருங்கள். உங்கள் நிரல் 220 என்று சொல்லும். வரவேண்டியது 170. 500 சரியாக வந்ததால் 200ஐப் பார்க்காமல் விட்டிருப்பீர்கள்.

இப்போது நிரலை மூடிவைத்துவிட்டு, கணினியே தெரியாத ஒருவருக்குச் சொல்வது போலத் தமிழில் எழுதுங்கள்:

1. முந்தைய ரீடிங், இன்றைய ரீடிங் இரண்டையும் வாங்கு.
2. யூனிட் = இன்றையது − முந்தையது.
3. யூனிட் 100 அல்லது அதற்குள் என்றால், தொகை 0. படி 7க்குப் போ.
4. 200 அல்லது அதற்குள் என்றால், தொகை = (யூனிட் − 100) × 1.50 + 20. படி 7க்குப் போ.
5. 500 அல்லது அதற்குள் என்றால், தொகை = 200 + (யூனிட் − 200) × 3 + 30. படி 7க்குப் போ.
6. அதற்கும் மேல் என்றால், தொகை = 1730 + (யூனிட் − 500) × 6.60 + 50.
7. தொகையைக் காட்டு. நிறுத்து.

ஐந்தாம் படியில் உள்ள 200 எங்கிருந்து வந்தது, ஆறாம் படியில் உள்ள 1730 எங்கிருந்து வந்தது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். பிறகு 3, 4, 5 ஆகிய கேள்விகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள். '500க்குள் உள்ளதா' என்பதை முதலில் கேட்டால், 80 யூனிட் எரித்த வீடும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதற்கு மறைக்கணக்கில் (பூச்சியத்துக்குக் கீழே) தொகை வரும். இதைப் பாய்ச்சற் கோட்டுப்படத்தில் (நாங்கள் அப்படித்தான் சொல்வோம், உங்கள் பாய்வுப்படம்) வரைந்தால், மூன்று சாய்சதுரமும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். 'ஆம்' எல்லாம் பக்கவாட்டில், 'இல்லை' எல்லாம் கீழே. ஒரு சாய்சதுரத்திலிருந்து ஒரே ஒரு அம்புதான் வெளியே போகிறது என்றால், இன்னொரு பாதையை நீங்கள் யோசிக்கவில்லை என்று அர்த்தம். நிரலில் எல்ஸ் ('இல்லையென்றால்' என்ற பகுதி) எழுதாமல் விட்டால் அந்த ஓட்டை தெரியாது. படத்தில் பல்லுப் போன வாய் மாதிரித் தெரியும்.

எங்கள் பிள்ளைகளும் சாதாரண தரத்தில் (பத்தாம், பதினோராம் வகுப்பு) பாஸ்கல் மொழியில் நிரல் எழுதி முடித்துவிட்டுத்தான் படம் கீறுகிறார்கள். உங்கள் வகுப்பு மட்டும் இல்லை.

அட்டைக்கட்டு

எழுபதைத் தொடப்போகிறேன். 'ஒரு சாய்சதுரம்கூட வரைந்ததில்லை' என்று தம்பி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிரலை கோடிங் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுப்போம். அதைப் பார்த்து அட்டைகளில் துளையிட்டுத் தருவதற்கென்று ஒரு அறை நிறையப் பெண்கள் இருந்தார்கள். அட்டைக்கட்டை ரப்பர் பேண்ட் போட்டு மாலையில் ஜன்னலில் கொடுத்தால் மறுநாள் காலையில் காகிதம் வரும். ஒரு புள்ளி தவறியிருந்தால் அந்தக் காகிதத்தில் பிழைச்செய்தி மட்டும் இருக்கும், ஒரு நாள் போச்சு. ஒருமுறை படிக்கட்டில் கட்டு அவிழ்ந்து விழுந்து அட்டைகள் கலைந்துபோய் நான் அழாத குறை. அப்படி இருக்கும்போது கணினியிடம் கொடுப்பதற்கு முன்பே நிரலைக் காகிதத்தில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். வேறு வழி இல்லை. ஃப்ளோசார்ட் வரைய வடிவங்கள் வெட்டிய பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். ஐபிஎம் தகட்டை வைத்திருப்பவர் அலுவலகத்தில் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிவார்.

நிரலுக்கு இப்படிப் படம் போடும் பழக்கத்தை எழுத்தில் நிலைநிறுத்தியவர்கள் கணிதவியலாளர்களான கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நாய்மனும். பிரின்ஸ்டனில் அவர்கள் அதைப் பற்றிய அறிக்கையை வெளியிடத் தொடங்கியது 1947இல். எந்த இயந்திரத்துக்காக எழுதினார்களோ அது அப்போது கட்டி முடிக்கப்படவே இல்லை; வேலைக்கு வர இன்னும் நான்கைந்து வருடம் ஆயிற்று. ஓட்டிப் பார்க்கக் கணினியே இல்லாதபோது பிறந்த படம் இது. மல்லிகை, உங்கள் வகுப்பில் கணினியில் ஓட்டி முடித்த பிறகு அதே படத்தை வரைகிறீர்கள். கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது மாதிரி. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, ரெக்கார்டு முறை அப்படி ஆகிவிட்டது.

நள்ளிரவு_டிப்ளாய்

ஐயா, அட்டைக்கட்டு காலத்தில் அதற்குத் தேவை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இப்போது ஒரு வரியை மாற்றி ஓட்டிப் பார்க்க இரண்டு வினாடி. அதோடு, இது நான் சொல்லும் புதுக் கதை இல்லை. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதள வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே ஃப்ளோசார்ட்டை அளவுக்கு மீறிப் புகழ்ந்து தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதிவிட்டார். நிரல் எழுதிய பிறகுதான் பலர் அதை வரைகிறார்கள் என்பதும் அவர் கவனித்ததே. ஆக மல்லிகையின் வகுப்பு செய்வது ஐம்பது வருடப் பாரம்பரியம்.

1977இல் கணினி ஆய்வாளர் ஷ்னைடர்மனும் கூட்டாளிகளும் மாணவர்களை வைத்துச் சோதித்தே பார்த்தார்கள். விரிவான ஃப்ளோசார்ட் கொடுத்தாலும் நிரலைப் புரிந்துகொள்வதிலோ, பிழை திருத்துவதிலோ, மாற்றி எழுதுவதிலோ சொல்லும்படியான பலன் தெரியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஷ்னைடர்மன்தான் 1973இல் நாசி என்பவரோடு சேர்ந்து அம்புக்குறியே இல்லாத ஒரு புதுவகைப் படத்தை வெளியிட்டவர். படத்தின் எதிரி ஒன்றும் இல்லை.

அட்டைக்கட்டு

அந்தச் சோதனையில் கொடுத்தது எந்த மாதிரிப் படம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. விரிவான படம். நிரலில் ஒரு வரி, படத்தில் ஒரு பெட்டி. நிரல் கையில் இருக்கும்போது அதையே பெட்டி பெட்டியாக இன்னொரு தரம் கொடுத்தால் யாருக்கு என்ன லாபம்? அதை நானும் குப்பை என்றுதான் சொல்வேன். 'ஐ = ஐ + 1' என்று ஒரு செவ்வகத்துக்குள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

நான் சொல்வது வேறு படம். ஒரு பக்கத்துக்குள் முடியும், பென்சிலில் இருக்கும், நாலு தரம் அழித்திருக்கும். புரூக்ஸும் ஒரு பக்கத்துக்கு மேல் போகும் படம் பெரும்பாலான நிரல்களுக்குத் தேவையில்லை என்றாரே தவிர, ஒரு பக்கப் படத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்று_ஃபேஸ்

நான் மென்பொருள் ஆள் இல்லை. கோவைப் பக்கம் மோட்டார் பேனல் கட்டுகிறேன், கொஞ்சம் பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) வேலையும் உண்டு. எங்கள் ஆட்களுக்கு லேடர் படம் (பிஎல்சிக்கு நிரல் எழுதும் ஏணி போன்ற படம்) புரியும், வீட்டுக்காரருக்கு அது புரியாது. ஃப்ளோசார்ட் போட்டுக் காட்டினால் அவரே விரல் வைத்து 'இங்கே என்ன ஆகும்' என்று கேட்பார். அதற்காகவே வரைகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் மேல்தொட்டிக்குத் தானியங்கி போட்டேன். 'தொட்டி நிறைந்ததா? ஆம் என்றால் நிறுத்து, இல்லை என்றால் ஓட்டு.' ஒரே கேள்வி, ஒரே சென்சார், சுற்றிச் சுற்றி வரும். பார்க்க ரொம்பச் சுத்தமாக இருந்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் மோட்டார் நிற்கும், யாராவது ஒரு குவளை பிடித்தால் மறுபடி ஓடும், உடனே நிற்கும். தண்ணீர் அலை அடித்தாலே போதும், டக் டக் டக். ஒரே மாதத்தில் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச்) கருகிவிட்டது. என் கைக்காசில் மாற்றினேன்.

அதன்பிறகு இரண்டு மட்டம். கீழ்மட்டத்துக்குக் கீழே போனால் ஓட்டு. மேல்மட்டத்தைத் தொட்டால் நிறுத்து. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஒன்றும் செய்யாதே, ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், நின்றிருந்தால் நிற்கட்டும். அந்த 'ஒன்றும் செய்யாதே' பாதையை முதல் படத்தில் நான் வரையவே இல்லை. வடலி ஐயா சொன்ன பல்லுப் போன வாய் அதுதான். ஆனால் ஒரு விஷயம், முதல் படத்தில் சாய்சதுரத்துக்கு இரண்டு அம்பும் இருந்தன. ஓட்டை இருந்தது கேள்வியிலேயே. அதனால் அம்பை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது.

இந்தப் படத்துக்கு 'முடிவு' பெட்டியும் கிடையாது. கரண்ட் இருக்கும்வரை சுற்றும்.

அப்புறம் ஒரு சந்தேகம். நிரலுக்கு 'ட்ரை ரன்' செய்யச் சொல்லி நிறைய இடத்தில் படிக்கிறேன். எங்கள் தொழிலில் ட்ரை ரன் என்றால் கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடிப் புகைவது. அதைத் தடுக்கத்தான் தனி ரிலே போடுகிறோம். நீங்கள் அதை வேண்டுமென்றே செய்கிறீர்களா?

வடலி

மூன்று_ஃபேஸ் அண்ணை, சிரித்து முடியவில்லை. எங்கள் ட்ரை ரன் என்றால் கணினி இல்லாமல், தாளில் அட்டவணை போட்டு, ஒவ்வொரு படியிலும் எந்த மாறிக்கு என்ன பெறுமதி என்று கையால் எழுதிப் போவது. கணினிதான் அங்கே தண்ணீர். அது இல்லாமல் ஓட்டுகிறோம், புகை வராது.

உங்கள் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். கேள்வியே பிழையாக இருந்தால் படம் காப்பாற்றாது. அங்கே உதவுவது ட்ரை ரன்தான், அதுவும் எந்த எண்ணைப் போட்டு ஓட்டுகிறோம் என்பதில். மல்லிகை, 50, 150, 300 என்று நடுவிலிருந்து எடுக்காதீர்கள். வேலியோரம் எடுங்கள். 100, 101, 200, 201, 500, 501. விடைகளை நிரலைப் பார்க்காமல் கையால் போட்டு முதலே எழுதி வையுங்கள்.

மூன்று_ஃபேஸ்

கரண்ட் பில் பற்றிப் பேசுவதால் ஒன்று. 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க வர முடியாமல் நான்கு மாதத்துக்குச் சேர்த்து எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த யூனிட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனியாகக் கணக்குப் போட்டார்கள். நான்கு மாதத்தில் 800 யூனிட் என்று வையுங்கள். முதலில் பிரித்தால் 400, 400. ஒவ்வொன்றுக்கும் 830, மொத்தம் 1660. பிரிக்காமல் 800க்கும் ஒரேயடியாகப் போட்டால் 3760. செய்யும் கணக்கு அதே வகுத்தலும் பெருக்கலும்தான், எதை முதலில் செய்கிறோம் என்பதில் 2100 ரூபாய் வித்தியாசம். அப்போது டீக்கடையில் இதை விளக்க ஒரு பில்லின் பின்பக்கத்தில் இரண்டு படம் வரைந்தேன், கேட்டவர்களுக்கு உடனே புரிந்தது.

நள்ளிரவு_டிப்ளாய்

800 கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. நல்ல உதாரணம். பாடப்புத்தகத்தில் டீ போடுவது எப்படி என்று ஃப்ளோசார்ட் போடுவதற்குப் பதில் இதைப் போடலாம். டீ உதாரணத்தில் தப்பு செய்யவே வழி கிடையாது, அதனால் எதுவும் கற்கவும் முடியாது.

ஆனாலும் என் கட்சியை விடவில்லை. மல்லிகை, வடலி சொன்ன ஏழு படியை எழுதிய பிறகு, அந்த எண்களை எல்லாம் நிரலின் நடுவிலிருந்து பிடுங்கி ஒரு அட்டவணையில் வையுங்கள். நான்கு வரி, ஒவ்வொரு வரியிலும் ஐந்து விவரம்: மேல் எல்லை, ஏற்கெனவே சேர்ந்த தொகை, எந்த யூனிட்டிலிருந்து பெருக்குவது, விகிதம், நிலைக்கட்டணம். நிரல் செய்ய வேண்டியது மேலிருந்து பார்த்து முதலில் பொருந்தும் வரியை எடுத்து ஒரு கழித்தல், ஒரு பெருக்கல், இரண்டு கூட்டல். மூன்று சாய்சதுரம் ஒன்றாகிவிடும். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது சாய்சதுரத்துக்குள் எண்ணை எழுதியவர்கள் படத்தையும் நிரலையும் மறுபடி எழுதியிருப்பார்கள். அட்டவணைக்காரர்கள் அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டு சாப்பிடப் போயிருப்பார்கள். புரூக்ஸும் அட்டவணையைக் காட்டினால் ஃப்ளோசார்ட்டே தேவைப்படாது என்ற கருத்தில்தான் எழுதினார்.

முதல் பதிவில் நான் சோதனைகளை எழுதச் சொன்னதும் வடலியின் ஆறு எண்களும் ஒன்றுதான். ஆக நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

அட்டைக்கட்டு

அட்டவணை நல்ல யோசனை, தம்பி. ஆனால் அந்த நான்கு வரி எப்படி வந்தது? நான்கு தனிப் படிக்கட்டு என்று முதலில் புரிந்ததால். மல்லிகை நேராக அட்டவணைக்குப் போயிருந்தால் அவருடைய ஒற்றைப் படிக்கட்டையே அட்டவணையாகப் போட்டிருப்பார். பிழை அதே பிழை, உடை மட்டும் புதிது. போன வாரம் ஒரு கூட்டத்தில் வெள்ளைப் பலகையில் நீங்கள் பெட்டியும் அம்பும் வரையவில்லை என்று அம்மா மேல் ஆணையாகச் சொல்ல முடியுமா?

நள்ளிரவு_டிப்ளாய்

வரைந்தேன் ஐயா. பணம் திருப்பித் தரும் வேலை, பாதியில் நெட்வொர்க் போனால் என்ன செய்வது என்பதற்காக. சாய்சதுரம் போடவில்லை, வட்டம்தான் போட்டேன் என்று தப்பிக்கலாம். முதல் பதிவில் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன், சரி.

வடலி

இடையில் புகுந்து ஒன்று. அம்பை எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம் என்பதுதான் இந்தப் படத்தின் பலவீனம். கீழிருந்து மேலே, பக்கத்திலிருந்து நடுவில், எல்லாம் முடியும். போம், யாகோபினி என்ற இரு அறிஞர்கள் 1966இல் எந்த நிரலுக்கும் வரிசை, தெரிவு, மீள்செயல் (திரும்பத் திரும்பச் செய்தல்) என்ற மூன்று அமைப்பு போதும் என்று நிறுவினார்கள். 1968இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா, நிரலில் வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் 'கோ டு' கட்டளைக்கு எதிராகக் கடிதம் எழுதினார். ஆகவே மாணவருக்கு நான் சொல்லும் ஒரே கட்டுப்பாடு, அம்புகள் ஒன்றை ஒன்று வெட்டினால் தாளைத் திருப்பிப்போட்டுப் புதிதாகத் தொடங்கு. வெட்டும் இடத்தில் பெரும்பாலும் சிந்தனைதான் சிக்கியிருக்கும். நான் மேலே எழுதிய 'படி 7க்குப் போ' மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதால் தப்பின, இல்லையென்றால் எனக்கும் டைக்ஸ்ட்ராவிடம் அடி விழுந்திருக்கும்.

மல்லிகை_04

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நிரலைத் திறக்காமல் தாளில் மட்டும் வேலை செய்தேன். 200 என்பது 100 × 2. 1730 என்பது 350 + 1380. கையால் போட்ட விடைகள்: 100க்கு 0, 101க்கு 21.50, 200க்கு 170, 201க்கு 233, 500க்கு 1130, 501க்கு 1786.60. பிறகு நிரலை எழுதினேன். முதல் ஓட்டத்தில் 101க்கு 20 என்று வந்தது. சில நிமிடம் முழித்தேன். தொகையை முழு எண்ணாக அறிவித்திருக்கிறேன், பைசாவை வெட்டிவிட்டது. படத்தில் இது தெரிந்திருக்காது என்பது நள்ளிரவு அண்ணனுக்கு ஒரு மதிப்பெண். இல்லை, பாதி. 21 வராமல் ஏன் 20 என்று பார்த்தால், 1.50 என்ற விகிதத்தையே முழு எண் மாறியில் போட்டு 1 ஆக்கி, நிலைக்கட்டணத்தில் 19 என்று தட்டச்சு செய்திருந்தேன். இரண்டு தப்பு சேர்ந்து ஒரு முழு எண்.

ஒரு புதுச் சந்தேகம். ட்ரை ரன் செய்யும்போது தோழி ஒருத்தி முந்தைய ரீடிங் 99950, இன்றைய ரீடிங் 00130 என்று கொடுத்தாள். அவள் வீட்டில் ஐந்து இலக்க மீட்டர், சுற்றி வந்துவிட்டதாம். யூனிட் மறைக்கணக்கில் வருகிறது, நிரல் '100க்குள்' என்று நினைத்து 0 ரூபாய் காட்டுகிறது. விடைத்தாளில் இப்படி ஒரு கேள்வியே இல்லை.

மூன்று_ஃபேஸ்

180 யூனிட். ஒரு லட்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மீட்டரையே மாற்றியிருந்தாலும் இன்றைய ரீடிங் குறைவாகத்தான் இருக்கும், அப்போது கூட்டினால் வீட்டுக்காரர் மயங்கி விழுவார். அங்கே இன்னொரு சாய்சதுரம் வேண்டும்.

வடலி

அந்தச் சாய்சதுரம் இரண்டாம் படிக்கு அடுத்து வரவேண்டும். என் ஏழு படியில் அது இல்லை. தோழிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மல்லிகை_04

வரைந்துவிட்டேன். ரெக்கார்டில் ஃப்ளோசார்ட் பக்கம் அழித்து அழித்துக் கறுத்துவிட்டது, திருத்திய சார் 'நீட்னஸ்' என்று எழுதி ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார். பரவாயில்லை. அட்டைக்கட்டு ஐயா, அந்த பிளாஸ்டிக் தகடு இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு படம் போடுங்களேன்.

அட்டைக்கட்டு

பரணில் தேடி எடுத்தேன். சாய்சதுர ஓட்டையின் ஒரு மூலை உடைந்திருக்கிறது, அதில்தான் அதிகம் பென்சில் ஓடியிருக்கும் போல. பேத்தி வாங்கிக்கொண்டு போய்ச் சப்பாத்தி மாவில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். கழுவிவிட்டுப் படம் போடுகிறேன்.